"சேர், ஷீட் சுத்துது": கணக்குப் பயிற்சி ஷீட் மெதுவாகினா எங்க கை வைக்கிறது

வெள்ளவத்தையில தரம் 10, 11 பிள்ளையளுக்கு கணக்கு ரியூசன் குடுக்கிறன். 2022இல பேப்பர் தட்டுப்பாடு வந்து மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது ஞாபகம் இருக்கும்தானே, அந்த நேரம் போட்டோகொப்பி அடிச்சுக் கட்டுப்படியாகாம பயிற்சி எல்லாத்தையும் கூகுள் ஷீட்ஸுக்கு மாத்தினன். ஒரு கொலத்தில கேள்வி, பக்கத்துக் கொலத்தில பிள்ளை விடையைப் போடும், பின்னால அப்ஸ் ஸ்கிரிப்டில (ஷீட்ஸுக்குச் சின்னப் புரோகிராம் எழுத கூகுள் தாற இடம்) நான் எழுதின ஸ்கிரிப்ட் ஒண்டு சரியெண்டா பச்சை, பிழையெண்டா சிவப்பு அடிக்கும். தனிய வீட்டில இருந்து பார்க்கேக்க அந்தமாதிரி வேலை செய்திச்சு. 38 பிள்ளையளும் ஒரே நேரத்தில திறந்த அண்டைக்கு மூச்சு நிண்டிட்டுது.

அதுக்குப் பிறகு நான் திருத்தினது எல்லாத்தையும் அறிகுறி அறிகுறியா கீழ எழுதியிருக்கிறன். உங்களுக்கு என்ன நடக்குதோ அந்த இடத்துக்கு நேர போங்கோ, முழுக்க வாசிக்கத் தேவையில்லை. ஆனா இந்த முதல் சோதனையை மட்டும் விடாதீங்கோ.

முதல் சோதனை

பைலை ஒரு கொப்பி எடுங்கோ. வேற ஒருத்தரும் உள்ளுக்கு இல்லாம நீங்க மட்டும் திறந்து ஒரு விடையைப் போட்டுப் பாருங்கோ. டக்கெண்டு பச்சை வந்தா பிரச்சினை ஷீட்டில இல்லை, கூட்டத்தில. அப்பவும் இழுத்தா அந்தக் கொப்பியிலேயே ஸ்கிரிப்ட் முழுக்க அழிச்சுச் சேவ் பண்ணி, திரும்ப லோட் பண்ணி, ஒரு விடை போடுங்கோ. நிறம் வராதுதான், ஆனா ஷீட் சறுக்கிக்கொண்டு ஓடுதெண்டா குற்றவாளி ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் இல்லாமலும் இழுத்தா பார்முலா. அவ்வளவுதான், 5 நிமிஷ வேலை. நான் இதைச் செய்யாம ரெண்டு கிழமை இருந்து ஸ்கிரிப்டைத் திருப்பித் திருப்பி எழுதினன், கடைசியில பார்த்தா பாதிப் பிரச்சினை பார்முலாவில கிடக்கு.

விடை போட்டு நிறம் வர பத்துப் பதினைஞ்சு செக்கன் எடுக்குது

இதுதான் எல்லாரும் விடுற பிழை, அதால கொஞ்சம் விரிவாவே சொல்லுறன். என்ர பழைய ஸ்கிரிப்ட் என்ன செய்ததெண்டா, பிள்ளை ஒரு விடையைத் தொட்ட உடன 40 கேள்வியையும் லூப் போட்டுப் பார்க்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளையின்ர விடையை ஒருக்கா வாசிக்கும், சரியான விடையை ஒருக்கா வாசிக்கும், பிறகு நிறம் அடிக்கும். ஒரு கேள்விக்கு மூண்டு தரம் எண்டா 40க்கு 120 தரம். பிள்ளை மாத்தினது ஒரே ஒரு செல்!

ஸ்கிரிப்ட் ஓடுறது ஒரு இடம், ஷீட் இருக்கிறது இன்னொரு இடம் எண்டு வையுங்கோ. ஒரு செல்லை வாசிக்கிற கெட்வேல்யூ கட்டளையை ஒருக்கா எழுதினா ஒருக்கா போய் வரவேணும். மரக்கறி வாங்க புறக்கோட்டைக்குப் போய் ஒரு தக்காளியை வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து வைச்சிட்டு, திரும்ப பஸ் ஏறிப் போய் ஒரு வெங்காயம் வாங்கினா எப்பிடி இருக்கும், அதுதான் நடக்குது. கணக்குப் பார்க்கிறதுக்கு நேரமே எடுக்கிறதில்லை, பஸ்ஸிலதான் நேரம் போகுது. கூகுளின்ர வழிகாட்டியிலேயே இதுக்கு உதாரணம் இருக்கு: 100க்கு 100 செல்லுக்கு ஒவ்வொண்டா நிறம் அடிச்சா ஏறக்குறைய 70 செக்கன், அதே நிறங்களை ஒரு பட்டியலாச் சேர்த்து ஒரேயடியா அடிச்சா 1 செக்கன்.

அப்ப வைத்தியம் ரெண்டு. லூப் கட்டாயம் வேணுமெண்டா முதல் கெட்வேல்யூஸ் எண்டு பன்மையில போட்டு முழு வீச்சையும் ஒரேயடியா எடுத்து, ஸ்கிரிப்டுக்குள்ளயே சரிபிழை பார்த்து, கடைசியில நிறங்களை செட்பேக்கிரவுண்ட்ஸ் எண்டு ஒரேயடியா எழுதுங்கோ. நடுவில ஒருக்கா வாசிச்சு ஒருக்கா எழுதி எண்டு மாறிமாறிச் செய்தா திரும்ப பழைய குறுடி கதவைத் திறடிதான். ரெண்டாவது, உண்மையில லூப்பே தேவையில்லை. ஆராவது ஒரு செல்லை மாத்தின உடன தானா ஓடுற ஒன்எடிட் எண்ட பங்ஷனுக்கு எந்த செல் மாறினது எண்ட தகவல் கூடவே வருகுது, அந்த ஒரு ரோவை மட்டும் பார்த்தாப் போதும். அதோட முதல் வரியிலேயே, மாறினது விடைக் கொலம் இல்லையெண்டா திரும்பிப் போ எண்டு எழுதிவிடுங்கோ. பிள்ளையள் பேரை மாத்துவினம், பக்கத்துச் செல்லில பகிடி எழுதுவினம், அதுக்கெல்லாம் ஸ்கிரிப்ட் எழும்பி ஓடத் தேவையில்லை. எனக்கு இந்த ரெண்டாவது மாற்றத்தோடயே பதினைஞ்சு செக்கன் ஒண்டரை செக்கனுக்கு இறங்கிட்டுது.

சில நேரம் நிறமே வராம விட்டிடும். ஒன்எடிட் மாதிரி சும்மா ட்ரிகருக்கு (ஒண்டு நடந்த உடன ஸ்கிரிப்டைத் தானா ஓட்டுறதுதான் ட்ரிகர்) 30 செக்கன்தான் அனுமதி, அதுக்கு மேல போனா நடுவிலயே வெட்டுப்படும். பிள்ளையின்ர ஸ்கிரீனில ஒண்டும் காட்டாது, பிள்ளை நினைக்கும் சேர் இன்னும் திருத்தேல்லை எண்டு. ஸ்கிரிப்ட் எடிட்டரில இடப்பக்கம் எக்ஸிகியூஷன்ஸ் எண்டு ஒரு பக்கம் இருக்கு, ஒவ்வொரு ஓட்டமும் எத்தனை செக்கன் எடுத்தது, எது தோத்தது எண்டு எல்லாம் அதில கிடக்கும். ஊகிக்கிறதை விட்டிட்டு அதைப் பாருங்கோ.

இன்னொண்டு, பிள்ளை பத்து விடையை ஒரேயடியா பேஸ்ட் பண்ணினா ஒன்எடிட் ஒருக்காத்தான் ஓடும், ஒற்றை விடை எண்டு ஒண்டும் வராது, வீச்சு மட்டும்தான் வரும். அதுக்கும் ஒரு வழி எழுதிவையுங்கோ. பத்து விடையை ஒரேயடியா பேஸ்ட் பண்ணுற பிள்ளையிட்ட எங்க இருந்து கொப்பி பண்ணினது எண்டு கேக்கிறது வேற விஷயம்.

பிள்ளை கணக்குச் செய்துகொண்டிருக்கேக்கயே கேள்வி மாறுது

எழுந்தமானமா எண் எடுக்கிற ரேண்ட்பிட்வீன் பார்முலாவைப் பாவிச்சிருப்பீங்கள். எனக்கு முதல் நாள் ஒரு பிள்ளை, "சேர், நான் காரணி பிரிச்சு முடிக்கேக்க சமன்பாடு வேற" எண்டிச்சு, நான் அவளின்ர கண்ணிலதான் பிழையெண்டு நினைச்சன். ரேண்ட், ரேண்ட்பிட்வீன், நவ், டுடே எல்லாம் ஷீட்டில ஆர் எதைத் தொட்டாலும் புதுசா எண் எடுக்கும். ஒரே பைலுக்குள்ள 38 பேர் எண்டா ஒருத்தர் விடை போட மற்ற 37 பேருக்கும் கேள்வி மாறும். அதோட அந்த எண்ணை நம்பி இருக்கிற பார்முலா எல்லாம் ஒவ்வொருதரமும் திரும்பக் கணக்குப் பார்க்கும், வேகம் போறதுக்கும் இதுதான் காரணம்.

எண்களை ஸ்கிரிப்டால ஒருக்கா எடுத்து வெறும் எண்ணா எழுதிவிடலாம். நான் செய்தது அதைவிடச் சின்ன வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பில ஒரு நம்பர் இருக்குதானே, அதை 7ஆல பெருக்கி, கேள்வி நம்பரை 13ஆல பெருக்கி, ரெண்டையும் கூட்டி 9ஆல வகுத்து வாற மிச்சத்தோட 1ஐக் கூட்டினன். 5ஆம் பிள்ளைக்கு 3ஆம் கேள்வியெண்டா 35உம் 39உம் 74, 9ஆல வகுத்தா மிச்சம் 2, அப்ப எண் 3. மொட் பார்முலா ஒண்டே போதும், ஆர் என்னத்தைத் தொட்டாலும் மாறாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேற வேற கேள்வி. ஒரே ஒரு கவனம், 5ஆம் நம்பருக்கும் 14ஆம் நம்பருக்கும் 23ஆம் நம்பருக்கும் ஒரே எண்தான் வரும், அவையளைப் பக்கத்தில பக்கத்தில இருத்தாதீங்கோ.

செல்லுக்குள்ள "லோடிங்" எண்டு நிக்குது

நீங்களே எழுதின பங்ஷனை பார்முலா மாதிரி செல்லில போட்டிருந்தா இது வரும். 200 செல்லில போட்டா 200 தரம் தனித்தனியா ஓடும், ஒவ்வொண்டுக்கும் 30 செக்கன் எல்லை. அதுக்குள்ள முடியேல்லையெண்டா செல்லில எரர் வந்து நிக்கும். பங்ஷனை மாத்தி, முழு வீச்சையும் ஒரேயடியா வாங்கி விடைகளை ஒரு பட்டியலா திருப்பிக் குடுக்கிற மாதிரி எழுதினா மேல இருக்கிற ஒரு செல்லில மட்டும் போட்டாக் காணும், கீழ தானா நிரம்பும்.

ஆனா முதல் ஒருக்கா யோசியுங்கோ, அந்தப் பங்ஷன் தேவைதானோ? நான் இருபடிச் சமன்பாட்டின்ர மூலங்களைக் கண்டுபிடிக்கவே ஒரு பங்ஷன் எழுதி வைச்சிருந்தன், வர்க்கமூலப் பார்முலாவோட ஒரு வரியில முடியிற வேலை. ஸ்கிரிப்ட் எழுதத் தெரிஞ்ச புதுசில எல்லாத்துக்கும் அதையே எடுக்கத் தோணும்.

பைல் திறக்கவே நிமிஷக்கணக்கில எடுக்குது, போனில திறக்கவே ஏலாம இருக்கு

புதுசா ஒரு ஷீட் சேர்த்தா 1000 ரோ, 26 கொலம், அதாவது 26,000 செல் வரும். நான் 38 பிள்ளையளுக்கும் ஒவ்வொரு ஷீட் குடுத்திருந்தன், 38ஐ 26,000ஆல பெருக்கினா 9,88,000. பாவிச்சது ஒரு பிள்ளைக்கு 40 ரோவும் 5 கொலமும். மிச்சமெல்லாம் வெறும் செல். ஒரு பைலுக்கு 1 கோடி செல் வரைக்கும் அனுமதி இருக்கு, அந்த எல்லைக்குக் கிட்டவும் நாங்க போகேல்லை, ஆனா எல்லைக்குள்ள இருக்கிறதும் ஒரு பிள்ளையின்ர பழைய போனில ஓடுறதும் ரெண்டும் ஒண்டில்லை. கீழ இருக்கிற வெறும் ரோவையும் வலப்பக்கம் இருக்கிற வெறும் கொலத்தையும் தெரிவுசெய்து டிலீட் பண்ணுங்கோ. மறைக்கிறது இல்லை, டிலீட்.

அடுத்தது, பார்முலாவில முழுக் கொலத்தையும் குடுக்காம 2ஆம் ரோவில இருந்து 41 வரைக்கும் எண்டு வெட்டிக் குடுங்கோ. கண்டிஷனல் போர்மற்றிங் விதியளையும் (செல்லில இருக்கிறதைப் பார்த்து ஷீட்டே நிறம் குடுக்கிற விதியள்) ஒருக்காத் திறந்து பாருங்கோ, கொப்பி பேஸ்ட் பண்ணப் பண்ண அது குட்டிபோட்டுக்கொண்டே போகும், எனக்கு ஒரு ஷீட்டில ஒரே விதி பதினேழு தரம் இருந்தது. பச்சை சிவப்பை ஸ்கிரிப்ட் அடிக்குதெண்டா அந்த விதியளே தேவையில்லை, இல்லாட்டி விதியால நிறம் குடுத்திட்டு ஸ்கிரிப்டை விடுங்கோ. ரெண்டும் ஒண்டா வேண்டாம்.

தனிய நல்லா ஓடுது, வகுப்பில எல்லாரும் வந்தா செத்துப்போகுது

முதல் சோதனையில "கூட்டம்" எண்டு வந்தவையள் இங்க வாங்கோ. ஒரு பைலை ஒரே நேரத்தில 100 பேர் வரைக்கும் திறந்து எழுதலாம், அதால ஆக்கள் உள்ளுக்கு வாறது பிரச்சினையில்லை. ஆரின்ர கணக்கில ஸ்கிரிப்ட் ஓடுது எண்டதுதான் கதை.

ஒன்எடிட் எண்ட பேரில சும்மா எழுதினா அனுமதி கேக்காம ஓடும், ஆனா அதால வேற பைலைத் திறக்க ஏலாது, மெயிலும் அனுப்ப ஏலாது. எனக்கு மார்க்ஸ் எல்லாம் என்ர தனி பைலுக்குப் போகவேணும் எண்டு ஆசை, அதால ட்ரிகர் பக்கத்துக்குப் போய் நானே ஒரு ட்ரிகரை நிறுவினன். நிறுவின ட்ரிகர் ஆர் எழுதினாலும் நிறுவினவரின்ர கணக்கிலதான் ஓடும். அதாவது 38 பிள்ளையள் எழுத எழுத எல்லா ஓட்டமும் என்ர தலையில. ஒரு ஆளுக்கு ஒரே நேரத்தில 30 ஓட்டம்தான் அனுமதி, நான் "சரி, முதலாவது கேள்வி செய்யுங்கோ" எண்டு சொன்ன உடன எல்லாரும் ஒண்டா என்டர் அடிச்சா 38. எட்டுப் பேரின்ர விடை அந்தரத்தில.

அதோட ஒரு நாளைக்கு இப்பிடி ட்ரிகர் ஓடுற மொத்த நேரமும் சாதாரண ஜிமெயில் கணக்குக்கு 90 நிமிஷம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கோ: 38 பிள்ளை, ஆளுக்கு 20 விடை, 760 ஓட்டம். ஒரு ஓட்டம் 4 செக்கன் எண்டா 3,040 செக்கன், 50 நிமிஷம் சொச்சம். சனிக்கிழமை காலமையும் பின்னேரமும் ரெண்டு வகுப்பு எண்டா 100 நிமிஷத்தைத் தாண்டும். காலம வகுப்பு நல்லா நடக்கும், பின்னேர வகுப்பு நடுவில ஷீட் ஊமையாகும். எனக்கு மூண்டு சனிக்கிழமை அப்பிடி நடந்தது, நான் வைபையைக் குறை சொல்லிக்கொண்டு இருந்தன், ரௌட்டரையும் மாத்தினன். கணக்கு வாத்தி எண்டு பேர்.

வைத்தியம் ஒண்டுதான், ஒரு பிள்ளைக்கு ஒரு பைல். லிங்கின்ர கடைசியில எடிட் எண்டு இருக்கிற சொல்லை கொப்பி எண்டு இங்கிலீஷில மாத்தி அனுப்பினா திறக்கிற ஆளுக்கு கொப்பி எடுக்கச் சொல்லிக் கேக்கும், ஸ்கிரிப்டும் சேர்ந்து போகும். ஆனா அந்தக் கொப்பி பிள்ளையின்ர ட்ரைவில இருக்கும், பிள்ளை பகிர்ந்தாலொழிய உங்களுக்குத் தெரியாது. கூகுள் கிளாஸ்ரூம் இருந்தா ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கொப்பி எண்ட தெரிவைப் போடுங்கோ. என்னை மாதிரி அது இல்லாதவையள், உங்கட ட்ரைவிலேயே 38 கொப்பியை ஒரு ஸ்கிரிப்டால எடுத்து ஒவ்வொருத்தருக்கும் லிங்கை அனுப்புங்கோ. சும்மா ஒன்எடிட் கொப்பியிலயும் தானா வேலை செய்யும். நிறுவின ட்ரிகர் கொப்பியில வராது, அது இங்க நல்லதுக்குத்தான்.

கட்டாயம் ஒரே பைல்தான் எண்டு நிக்கிறவையளுக்கு ஒரு சொல்: மார்க்ஸை எழுதேக்க கடைசி ரோவைத் தேடிப்போய் அதுக்குக் கீழ எழுதாதீங்கோ. ரெண்டு பிள்ளையின்ர ஓட்டம் ஒரே கடைசி ரோவைக் கண்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு எழுதிப்போடும். கடைசியில ஒரு ரோவைத் தானே சேர்க்கிற அப்பென்ட்ரோ கட்டளையைப் பாவிச்சா அந்தப் பிரச்சினை வராது.

பட்டனை அமத்தினா ஒண்டும் நடக்குதில்லை

போனிலதானே? போன் அப்பில நீங்க வரைஞ்ச பட்டனும் வேலை செய்யாது, நீங்க சேர்த்த மெனுவும் தெரியாது. ஸ்கிரிப்டைத் திருத்தி மினக்கெடாதீங்கோ. பட்டனுக்குப் பதில் ஒரு செக்பொக்ஸ் போட்டு, அது டிக் ஆனா ஒன்எடிட் வேலையைச் செய்து திரும்ப டிக்கை எடுக்கிற மாதிரி எழுதுங்கோ, போனிலயும் ஓடும். ஸ்கிரிப்ட் டிக்கை எடுக்கேக்க ஒன்எடிட் திரும்ப எழும்பாது, ஸ்கிரிப்ட் செய்யிற மாற்றத்துக்கு அது ஓடுறதில்லை, அதால சுத்திச் சுத்தி ஓடுமோ எண்டு பயப்பிடத் தேவையில்லை.

சரியான விடைக்கு சிவப்பு அடிக்குது

வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, ஆனா பெற்றோர் கோல் எடுக்கிறது இதுக்குத்தான். பின்னக் கணக்கில பிள்ளை 3/4 எண்டு போடும். ஷீட் அதைத் திகதியா எடுத்துக்கொள்ளும். பார்க்க 3/4 மாதிரியே நிக்கும், செல்லை அமத்தி மேல பார்முலா பாரில பார்த்தா வருஷத்தோட இருக்கும். ஸ்கிரிப்டுக்குள்ள அது ஐந்து இலக்க எண்ணாவோ திகதியாவோ வந்து சேரும், எங்கட முக்காலோட எப்பிடிப் பொருந்துறது. விடைக் கொலத்தை பிள்ளையள் எழுத முதலே பிளெய்ன் டெக்ஸ்ட் எண்டு மாத்துங்கோ. எழுதின பிறகு மாத்திப் பிரயோசனமில்லை.

தசமத்தில இன்னொரு வில்லங்கம். ஸ்கிரிப்டில 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004 வரும், 0.3க்குச் சமமோ எண்டு கேட்டா இல்லையெண்டு சொல்லும். கொம்பியூட்டர் எண்களை இரண்டின் அடியில வைச்சிருக்கிறதால வாற பிழை அது, நாங்க மூண்டிலொண்டை 0.333 எண்டு வெட்டுற மாதிரி. சமமோ எண்டு கேக்காம, ரெண்டுக்கும் இடையில உள்ள வித்தியாசம் 0.000001ஐ விடக் குறைவோ எண்டு கேளுங்கோ. கூட்டுவட்டியில "ரூ. 14580" எண்டு எழுதுற பிள்ளைக்கும் ஒரு வழி வையுங்கோ, ரூபாயை எடுத்துப்போட்டு எண்ணை மட்டும் பாருங்கோ. அலகு எழுதினதுக்கு மார்க்ஸ் குறைச்சா அநியாயம்.

மார்க்ஸ் சேர்க்கிற ஸ்கிரிப்ட் நடுவில நிக்குது

ஒரு பிள்ளைக்கு ஒரு பைல் எண்டு போனா இது வரும். வகுப்பு முடிஞ்ச பிறகு 38 பைலையும் ஒவ்வொண்டாத் திறந்து மார்க்ஸ் எடுக்கிற ஸ்கிரிப்டுக்கு ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிஷம்தான். ஆக்கள் கூடக் கூட அது காணாது. எத்தனையாவது பைல் வரைக்கும் வந்தது எண்ட எண்ணை ஸ்கிரிப்ட் ப்ரொப்பர்ட்டியில (ஓட்டம் முடிஞ்சாலும் அழியாம ஸ்கிரிப்ட் குறிச்சு வைக்கிற இடம்) எழுதி வைச்சிட்டு, 5 நிமிஷம் தாண்டினா தானா நிக்கிற மாதிரியும், அடுத்த ஓட்டம் அந்த எண்ணில இருந்து தொடங்கிற மாதிரியும் எழுதுங்கோ. நான் ரெண்டு தரம் ரன் அமத்துவன், அவ்வளவுதான்.

பெற்றோருக்கு மெயில் போறதும் பாதியில நிண்டா, சாதாரண கணக்கால ஸ்கிரிப்ட் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்பும். தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியா எண்டா ஒரு வகுப்புக்கு 76, ரெண்டு வகுப்புக்கு 152. நான் இப்ப காலம வகுப்பின்ர மார்க்ஸை சனிக்கிழமையும் பின்னேர வகுப்பின்ர மார்க்ஸை ஞாயிற்றுக்கிழமையும் அனுப்புறன். பின்னேர வகுப்புப் பிள்ளையளுக்கு ஒரு இரவு கூடக் கிடைக்குது, அவையளுக்குச் சந்தோஷம்.